சீனிக்கிழங்குப் பால்கோவா

என் வாழ்நாளில் ஒரே ஒரு மாதம்தான் பால்கோவாவில் கலப்படம் செய்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

எங்கள் பழைய தெருவுக்கு வெளியே யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொல்லக்கூடிய இடத்திலும் நான் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் இருபது வருஷமாகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு பையன் காரிலிருந்து இறங்கி வந்து என் முன்னால் நின்றிராவிட்டால் இப்போதும் எழுதியிருக்க மாட்டேன்.

நல்ல பையன்தான். கையில் ஒரு கடிகாரம். அவன் எத்தனை எட்டு நடந்தான் என்பதை அது சொல்லுமாம். கூட அவன் அம்மா.

"அண்ணே, சர்க்கரை இல்லாத பால்கோவா இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கொழுப்பு எடுத்த பால்ல செஞ்சது?"

அதற்கும் தலையாட்டினேன். நான் கடையில் பேசுவது குறைவு. பேசாமலே முக்கால்வாசி வியாபாரம் நடந்துவிடுகிறது.

அவன் அரிசி தொட்டு ஆறு மாதமாகிறதாம். காலையில் காப்பியில் வெண்ணெய் போட்டுக் குடிப்பானாம். பிறகு சாயங்காலம் வரை வெறும் தண்ணீர்தானாம். அவன் அம்மா என்னைப் பார்த்து, "வெண்ணெய உருண்டை உருண்டையா முழுங்குறவன் கேக்குற கேள்வியப் பாருங்கய்யா" என்றார். பையன் அதைக் காதில் வாங்காமல் ருசிக்கு நான் கொடுத்த துளிப் பால்கோவாவை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான்.

"இதுல மைதா, கிழங்கு, அது இதுன்னு ஏதாவது கலந்திருக்கா?"

"இல்லைங்க" என்றேன். எங்கள் கடையில் பாலும் சீனியும் தவிர எதுவும் கிடையாது. ஆனாலும் கிழங்கு என்ற சொல்லைக் கேட்டதும் என் காதுமடல் சூடாகிவிட்டது. அவன் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனான். கார் கிளம்புவதற்குள் டப்பாவில் பாதி காலி. அதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் இப்படி ஒரு பத்தியம் நடந்தது. ஆனால் அது உடம்பைக் குறைக்க இல்லை, ஏற்ற.

அம்மாவுக்கு ஒரே தம்பி. எனக்கு ஒரே மாமா. வத்திராயிருப்புப் பக்கம் ஊர். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார், இல்லாவிட்டால் போலீஸில் இருப்பார். மாமாவோடு சேர்ந்து ஓடிப் பழகிய பையன்கள் எல்லாரும் ஒவ்வொருவராகப் பெட்டி தூக்கிப் போய்விட்டார்கள். மாமா மட்டும் நின்றுவிட்டார். உயரம் சரி, ஓட்டம் சரி, எடைதான் இடித்தது. ஐம்பது கிலோ இருக்கவேண்டும். முதல் தடவை பட்டாளத்து ஆள் எடுப்புக்குப் போனபோது மூன்று கிலோ குறைவு. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். மாமா ஒரு வருஷம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்போது நான்கு கிலோ குறைவு.

மூன்றாவது ஆள் எடுப்புதான் கடைசி. அதையும் விட்டால் வயது தாண்டிவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு முன்பே அம்மா அவரை ராஜபாளையத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள்.

"நாலு கிலோதான? நான் ஏத்திக் காட்டுதேன்" என்றாள்.

அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். மில் கிட்டங்கியில் பஞ்சு நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமாவைக் கூட்டிக்கொண்டுபோய் அதில் ஏற்றுவார்கள். நானும் போவேன். தராசுக்காரர் அப்பாவின் கூட்டாளி. முதல் ஞாயிறு மாமா ஏறி நின்றதும் முள்ளைப் பார்த்துவிட்டு, "நாப்பத்தாறு. என்னப்பா இது, கழிவுப் பஞ்சா?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்பா அதில் சேரவில்லை.

அந்த வாரத்திலிருந்து தெருவே மாமாவைத் தின்னவைக்க இறங்கியது.

எதிர்வீட்டில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஹவில்தார் பெரியப்பா ஒருவர் இருந்தார். விடிந்ததும் பாலில் இரண்டு பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக் குடிக்கவேண்டும் என்பது அவர் உத்தரவு. மாமா டம்ளரைக் கையில் வாங்கி, கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். குடித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் அவரிடம் பேசக்கூடாது. பேசினால் முட்டை வெளியே வந்துவிடும்.

முக்கில் பேக்கரி வைத்திருந்த பாய், ரொட்டியை நெய்யில் ஊறவைத்துப் பேரீச்சம்பழத்தோடு தின்னச் சொன்னார். அதுவாவது பரவாயில்லை. செக்குக்காரர் ஒருவர், "மாடு இளைச்சா என்ன வைக்கோம்?" என்று கேட்டுவிட்டு, கடலைப் பிண்ணாக்கைக் கருப்பட்டியோடு இடித்துக் கொடுத்தனுப்பினார். மாமா அதையும் தின்றார். வேலை வேண்டுமென்றால் எதையும் தின்னலாம் என்ற நிலைக்கு அவர் வந்திருந்தார்.

ஹவில்தார் பெரியப்பாவிடம் ஒரு வெள்ளை நாய் உண்டு, எங்கள் ஊர்ச் சாதி நாய். நல்ல வளர்த்தி. ஒருநாள் அவர் நாயையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "ஏம்மா, நான் இதுக்குக் கேப்பக்களியும் ஆட்டுத்தலைச் சாறும்தான் ஊத்துதேன். தோலு மினுங்குது பாரு. தம்பிக்கும் சேத்துச் செஞ்சா என்ன?"

அடுத்த பதினைந்து நாள் ஒரே பானையில் இரண்டு பேருக்கும் சமையல். பெரியப்பா வீட்டு முற்றத்தில் மாமா ஒரு ஓரம், நாய் ஒரு ஓரம். நாய் தன் தட்டை நக்கி முடித்துவிட்டு மாமாவின் தட்டைப் பார்க்கும். மாமா இப்படித் திரும்பி உட்கார்ந்து மறைத்துக்கொள்வார். அந்தப் பதினைந்து நாளில் நாய்க்கு எடை ஏறியது.

தின்பது ஒரு பக்கம் இருக்க, செய்யக்கூடாதவை என்று ஒரு வரிசை இருந்தது. வெந்நீரில் குளிக்கக்கூடாது, உடம்பு கரையும். அதிகம் சிரிக்கக்கூடாது. சாப்பிட்டவுடன் நடக்கக்கூடாது. ஓடுவதுதான் பெரிய சிக்கல். ஓடிப் பழகாவிட்டால் ஓட்டத்தில் தோற்பார், ஓடினால் எடை குறையும். மாமா காலையில் ஓடிவிட்டு வேர்வையோடு வந்தால் அப்பாவுக்கு வயிறு எரியும்.

"நேத்து ராத்திரி தின்ன ரொட்டி பூராவும் ரோட்டுல சிந்திட்டு வந்துட்டீயே மாப்ள" என்பார்.

"பெறகு எப்படி அத்தான் ஓடிப் பழகுறது?"

"கட்டில்ல படுத்துக்கிட்டே கால மட்டும் ஆட்டு."

மாமா அதையும் இரண்டு நாள் செய்து பார்த்தார்.

பால்கோவா அப்பாவின் யோசனை. சனிக்கிழமைதோறும் ஷிப்டு முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அரைக் கிலோ வாங்கி வருவார். அம்மா அதை ஒரு எவர்சில்வர் டப்பாவில் அமுக்கி வைத்து, வேளைக்கு இரண்டு கரண்டி மாமாவுக்குக் கொடுப்பாள். நான் பக்கத்தில் நின்று வாயைப் பார்ப்பேன்.

"நீ பாக்காத. மாமா வேலைக்குப் போகணும்லா" என்பாள் அம்மா.

எனக்கு அந்த நியாயம் புரிந்தது. புரிந்தும் பயனில்லை. முதல் நாள் நகக்கண் அளவு எடுத்தேன். மறுநாள் விரல் அளவு. மூன்றாம் நாள் டப்பாவில் பள்ளம் தெரிந்தது.

அது சீனிக்கிழங்கு வருகிற காலம். சர்க்கரைவள்ளி என்று மற்ற ஊர்களில் சொல்வார்கள். அம்மா சாயங்காலம் கிழங்கு அவித்து என் பங்கை ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போவாள். அதைப் பார்த்ததும் எனக்கு வழி பிறந்தது. கிழங்கைத் தோலுரித்து, நாரை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, பாலாடை கொஞ்சமும் சீனி கொஞ்சமும் போட்டுப் பிசைந்து, பள்ளத்தில் வைத்து மேலே பால்கோவாவால் பூசிவிட்டேன். நிறம் அப்படியே ஒத்துப்போனது. நார் எடுப்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமமே இருக்கிறது.

நான் திருடியதாக நினைக்கவில்லை. என் பங்குக் கிழங்கைக் கொடுத்தேன், மாமாவின் பங்குப் பால்கோவாவை எடுத்தேன். ஈடுக்கு ஈடு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் மாமா முதல் கரண்டியை வாயில் வைத்தார். வாய் அசைவது நின்றது. கரண்டியைப் பார்த்தார்.

"இந்த வாரம் நல்லா இருக்குக்கா" என்றார்.

அதோடு எனக்குத் துளிர்விட்டுப்போனது. ஒரு மாதம் ஓட்டினேன்.

இதற்கிடையில் தராசு முள் மெல்ல நகர்ந்து நாற்பத்தொன்பதுக்கு வந்திருந்தது. அங்கே வந்து நின்றுகொண்டது. ஆள் எடுப்புக்கு முந்தின ஞாயிறும் அதே நாற்பத்தொன்பதுதான். தராசுக்காரர் அன்று கேலி செய்யவில்லை. "ஒண்ணு" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மாமா வாசலில் நின்று, "போச்சுன்னா ஊருல போயி மாடு பத்துதேன், விடுக்கா" என்றார்.

எனக்கோ வேறு கணக்கு. வாரத்துக்குக் கால் கிலோ வீதம் நாலு வாரத்தில் நான் தின்றது ஒரு கிலோ. மாமாவுக்குக் குறைவது ஒரு கிலோ. நாலாம் வகுப்புப் பையனுக்கு இதைவிடச் சுத்தமாக ஒரு கணக்கு எப்படி வரும்? மாமாவின் வேலையைத் தின்றவன் நான்தான்.

ஹவில்தார் பெரியப்பா கடைசி மருந்து சொன்னார். "முதல்ல ஓட விடுவாங்க. பொறவுதான் நிறுப்பாங்க. நடுவுல செத்த நேரம் கிடைக்கும். அதுக்குள்ள ஒரு டஜன் வாழப்பழம், ரெண்டு செம்புத் தண்ணி. குனியாத, இருமாத, ஒண்ணுக்குப் போவாத. அம்புட்டுதான் பட்டாளம்."

ஆள் எடுப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. பழமும் தண்ணீரும் கொண்டுபோய்க் கம்பி வேலிக்கு வெளியே நிற்க ஓர் ஆள் வேண்டும். அம்மா கிளம்பினாள். மாமா தடுத்துவிட்டார். "அக்கா வந்தா அழுவா. அத்தான் வந்தா வாய் ஓயாது. மருமவன் போதும், அவன்தான் பேசமாட்டான்" என்றார்.

வேலியோரம் போய்ப் பார்த்தால் வாழைத்தார்ச் சந்தை மாதிரி இருந்தது. அம்மாக்கள், அண்ணன்கள், சித்தப்பாக்கள் எல்லாரும் ஆளுக்கொரு சீப்போடு நிற்கிறார்கள். எல்லா ஊரிலும் ஒரு ஹவில்தார் பெரியப்பா இருந்திருக்கவேண்டும். தளவாய்புரத்திலிருந்து வந்த ஓர் அம்மா என் பக்கத்தில் நின்றார். பழத்தைத் தோலுரித்தே கொண்டுவந்திருந்தார், மகனுக்கு நேரம் மிச்சமாகட்டும் என்று.

ஓட்டம் முடிந்தது. மாமா முன்வரிசையில்தான் வந்தார். நெஞ்சு ஏறி இறங்க வேலிக்கு ஓடிவந்து கையை நீட்டினார். நான் உரித்துக் கொடுக்கக் கொடுக்க அவர் வாயில் திணித்துக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது பழம் வாயில் இருக்கும்போது எனக்கு அடக்க முடியவில்லை.

"மாமா, பால்கோவாவ நான் தின்னுட்டேன்."

மாமா வாய் நிறையப் பழத்தோடு புருவத்தை உயர்த்தினார்.

"டப்பால இருந்தது சீனிக்கிழங்கு மாமா. நான்தான் பிசஞ்சு வச்சேன். ஒரு மாசமா. ஒரு கிலோ தின்னுட்டேன் மாமா." இவ்வளவு நீளமாக நான் அதற்கு முன் பேசியதே இல்லை. பேசி முடித்ததும் ஓவென்று அழுதேன்.

மாமாவால் பேச முடியவில்லை. கண் பிதுங்க விழுங்கினார். விழுங்கி முடித்து என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அதான் வயிறு அந்தப் பொருமு பொருமுச்சாலே?"

நான் அழுகையை நிறுத்திவிட்டேன். மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் எடை குறையுமே என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு உள்ளே தராசுக்கு நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"சரி, உரி. இன்னும் எம்புட்டு இருக்கு?"

டஜனும் முடிந்தது. தண்ணீர்ச் செம்பும் காலி. மாமா கையை எடுக்கவில்லை. அந்த ஒரு கிலோ அவர் கண்ணுக்கு முன்னால் நின்றிருக்கவேண்டும். பக்கத்தில் நின்ற தளவாய்புரத்து அம்மா நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வேலிக்குள் கையை விட்டு மூன்று பழத்தை நீட்டினார்.

"இந்தாய்யா, எம்மவனுக்குப் போதும். அவன் குண்டன்தான். எனக்குத்தான் மனசு கேக்கல."

மாமா அந்த மூன்றையும் விழுங்கி, ஒரு செம்புத் தண்ணீரையும் அவரிடமே வாங்கிக் குடித்தார். பிறகு குனியாமல், இருமாமல், வயிற்றை ஒரு பானையைச் சுமப்பதுபோல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வரிசைக்குப் போனார்.

தராசு ஒரு துணிக் கூடாரத்துக்குள் இருந்தது. எனக்குத் தெரிந்தது வரிசையின் முதுகுகள் மட்டும்தான். மாமாவின் முதுகு உள்ளே போனது. அவருக்குப் பின்னால் போன இரண்டு பேர் வெளியே வந்துவிட்டார்கள். மாமா வரவில்லை. "சில பேரை ரெண்டாந்தரம் நிறுப்பாங்க" என்றார் பக்கத்து அம்மா. நான் வேலிக் கம்பியைப் பிடித்தபடி, இனி வாழ்நாளில் பால்கோவா தொடமாட்டேன் என்று ஆண்டாளிடம் சொல்லிக்கொண்டேன். பிழைப்புக்கே அதில் கைவைக்கப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

மாமா வெளியே வந்தார். வேகமாக நடந்து வேலி மூலைக்குப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தனை பழத்தையும் கக்கினார். நான் பயந்துபோய் ஓடினேன். அவர் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். ஆனால் பல் தெரிந்தது.

"அம்பதும் சொச்சமும், மருமவனே. இப்ப என்ன வேணா வெளிய போகட்டும், எழுதிட்டான்."

சாயங்காலம் எங்கள் வீட்டில் தெருவே கூடியிருந்தது. முட்டையால்தான் ஏறியது என்றார் ஹவில்தார் பெரியப்பா. ரொட்டி நெய் என்றார் பாய். செக்குக்காரர் பிண்ணாக்கை விட்டுக்கொடுக்கவில்லை. அப்பா எல்லாரையும் கையமர்த்திவிட்டு, "பால்கோவா. வேற பேச்சே இல்ல" என்றார். மாமா அப்போதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

"ஏலே, பாலுன்னு நெனச்சு அவன் கிழங்கத் தின்னுருக்கான், நீ..."

அப்பா இருமினார். "அடிக்காத. அது... மொதல்லயே முழுப் பால் கிடையாது. நல்ல கடை விலை நமக்குக் கட்டல. சந்துக்குள்ள ஒருத்தன் போடுவான், மைதா கொஞ்சம் சேத்து. அத வாங்கி நல்ல கடை டப்பால வச்சுக் கொண்டாந்தேன்."

அம்மா ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைத் திருகினாள்.

"உங்களுக்கு மில்லுக்குப் பலகாரம் வேணும்னு நான் பாதிய எடுத்து மாவுல சேத்து உருண்ட பிடிச்சிருவேன். பாய் கடை ரஸ்க்கத் தூளாக்கித்தான் மிச்சத்துல கலப்பேன்."

அப்பா தினமும் மத்தியானம் டீயோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது அதுதான் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

மாமா நிதானமாக எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "அப்போ மைதா, ரஸ்க்கு, கிழங்கு. இதுல பாலு எங்க இருந்துச்சு?"

பாய்தான் முதலில் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். இனி எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம்.

அடுத்த மாதம் மாமா பெட்டி தூக்கிக்கொண்டு ரயிலேறினார். தெரு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. எங்கள் வீட்டில் மட்டும் ஒன்று நிற்கவில்லை. மாமா போன மறுநாள் விடிந்ததும் அம்மா என்னை எழுப்பி ஒரு டம்ளரை நீட்டினாள். பால், அதில் இரண்டு பச்சை முட்டை.

திருட்டுக்குத் தண்டனை என்று நினைத்துக் குடித்தேன். மறுநாளும் வந்தது. மத்தியானம் நெய் ரொட்டி வந்தது. சனிக்கிழமை அப்பா நல்ல கடைப் பால்கோவாவே வாங்கி வந்தார், அம்மா வேளைக்கு இரண்டு கரண்டி எனக்கு வைத்தாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னையும் பட்டாளத்துக்குத் தயார் செய்கிறார்கள். தெரியாத ஆள் முன்னால் பேர் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்கிறவன் நான். முட்டைப் பாலை எதிர்வீட்டு நாய்க்கு ஊற்ற ஆரம்பித்தேன். ஒருநாள் அம்மா பார்த்துவிட்டாள்.

"நான் பட்டாளத்துக்குப் போகமாட்டேம்மா" என்று கத்திவிட்டேன்.

அம்மா என்னையும் நாயையும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். "ஒன்ன எவன்யா அனுப்புதான்? நீ இங்கனயே கிட" என்றாள்.

தப்பித்தேன் என்று நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் அதே டம்ளர். அம்மா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரை நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் முந்தானையால் என் வாயைத் துடைத்தாள்.

"அங்க என்ன திங்கானோ" என்றாள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. முந்தாநாள்தான் மாமாவின் கடிதம் வந்திருந்தது. அங்கே வேளைக்கு ரொட்டியும் பருப்பும் வயிறு முட்டப் போடுகிறார்கள், இரண்டு கிலோ ஏறிவிட்டேன் என்று தெளிவாக எழுதியிருந்தார். அம்மாவுக்கு அதை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டியதே நான்தான். ஒரு தடவை இல்லை, அவள் கேட்டுக்கொண்டபடி மூன்று தடவை. பிறகும் ஏன் கேட்கிறாள் என்று நினைத்தபடி டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு விளையாட ஓடினேன்.